பந்து தேயாது, புஷ் தேயும்: காந்தத்தில் மிதக்கும் பழைய டர்ன்டேபிளுக்கு ஓர் அறிமுகம்

இசைத்தட்டை ஓட்டும் கருவியான டர்ன்டேபிளில், காந்தத்தில் மிதக்கும் பழைய வகை ஒன்று கைக்கு வந்தால் எல்லாரும் முதலில் விசாரிப்பது காந்தத்தைப் பற்றித்தான். இத்தனை வருடத்தில் அதன் சக்தி போயிருக்குமா, புதுக் காந்தம் எங்கே கிடைக்கும், சேலத்தில் யாராவது மாற்றித் தருவார்களா? உண்மையில் அந்த இயந்திரத்தில் கடைசியாகக் கெடும் பொருள் காந்தம்தான். அதற்கு முன்னால் பெல்ட் தளரும், எண்ணெய் வற்றும், மோட்டாரின் கெப்பாசிட்டர் சோர்ந்துபோகும், நடு அச்சைச் சுற்றியிருக்கும் புஷ் தேயும். புஷ் தேய்வதில் காந்தத்துக்கே ஒரு பங்கு உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாத செய்தி. அது புரிந்துவிட்டால், எதைத் தொட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பது தானாகவே தெளிந்துவிடும்.

எடை எங்கே இறங்குகிறது

டர்ன்டேபிளில் இசைத்தட்டை வைக்கும் கனத்த வட்டத்தைச் சுழல்தட்டு என்று வைத்துக்கொள்வோம். அதன் நடுவில் கீழ்நோக்கி இறங்கும் எஃகுத் தண்டு அச்சு. அச்சு செருகியிருக்கும் குழாய் புஷ், பெரும்பாலும் வெண்கலம். குழாயின் அடியில் ஒரு சிறிய எஃகுப் பந்து இருக்கும். சாதாரண டர்ன்டேபிளில் சுழல்தட்டின் மொத்த எடையும் அச்சு வழியாக இறங்கி அந்தப் பந்தின் உச்சியில், ஊசிமுனை அளவான ஓர் இடத்தில், உட்கார்கிறது. உயர்ரக டர்ன்டேபிள்களில் சுழல்தட்டு பத்து கிலோவைத் தாண்டுவது சகஜம். அத்தனை கனமும் ஒரு புள்ளியில் நின்று சுழலும்போது உராய்வும் தேய்மானமும் இருக்கத்தான் செய்யும். அந்த உராய்வின் முனகல் சுழல்தட்டு வழியாக ஊசிக்கு ஏறி, பாட்டுக்கு அடியில் மெல்லிய உறுமலாகக் கேட்கும்.

இதைத் தவிர்க்கத்தான் காந்தம் வந்தது. சுழல்தட்டின் அடியில் ஒரு வளையக் காந்தம், கீழே அடித்தளத்தில் இன்னொன்று. இரண்டின் ஒத்த முனைகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதால் அவை விலக்கிக்கொள்கின்றன. எடை முழுவதையும் அல்லது பெரும்பங்கை அந்த விலக்கு விசையே ஏந்திக்கொள்கிறது. பிரான்ஸின் வெர்டியே உருவாக்கிய ‘லா பிளாட்டின்’ இந்த வகையில் பெயர்பெற்றது. ஜெர்மனியின் கிளியர்ஆடியோ செராமிக் அச்சோடு இதே தத்துவத்தைப் பயன்படுத்துகிறது. அமெரிக்காவின் சோட்டா நிறுவனமும் காந்த பேரிங் தருகிறது.

இன்னொரு வகையும் உண்டு. அதில் சுழல்தட்டு வழக்கம்போலப் பந்தின் மேல்தான் சுழலும். காந்தம் டர்ன்டேபிளின் கால்களில் இருக்கும். பெட்டி முழுவதும் மேசைக்கு மேலே மிதக்கும். வேலை இரண்டுக்கும் வேறு. முதல் வகை பேரிங்கின் சத்தத்தைக் குறைக்கிறது; இரண்டாவது வகை தரையிலிருந்தும் மேசையிலிருந்தும் வரும் அதிர்வைத் தடுக்கிறது. விற்பவர்கள் இரண்டையும் ‘மேக்னடிக் சஸ்பென்ஷன்’ என்று ஒரே பெயரில் விற்றுவிடுவார்கள். உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். சுழல்தட்டின் நடுவில் விரலால் மெதுவாக அழுத்தினால் அது மட்டும் இறங்கி ஏறுகிறதா, பெட்டியும் சேர்ந்து அசைகிறதா என்பதே போதும்.

காந்தம் பிடித்து நிறுத்தாது

பேன்சி கடைகளில் கிடைக்கும் சிறிய வளையக் காந்தங்கள் இரண்டை வாங்கி, ஒரு பென்சிலில் ஒத்த முனைகள் பார்க்கும்படி கோத்துப் பாருங்கள். மேல் வளையம் அந்தரத்தில் நிற்கும். பென்சிலை உருவினால் அடுத்த கணமே அது பக்கவாட்டில் வழுக்கி, தலைகீழாகப் புரண்டு, கீழ் வளையத்தோடு ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை செய்தாலும் இதுதான் நடக்கும். கை நடுக்கம் காரணமல்ல. நிலையான காந்தங்களை மட்டும் வைத்து ஒரு பொருளை எல்லாத் திசையிலும் நிலையாக மிதக்கவிட முடியாது என்று சாமுவேல் எர்ன்ஷா 1842இல் கணிதமாகவே காட்டிவிட்டார். மேலும் கீழும் நிலையாகத் தாங்கினால், பக்கவாட்டில் நிலையில்லாமல் போயே தீரும்.

அளவும் தெரிந்துகொள்ளலாம். வட்டச் சமச்சீரான காந்தங்களில், செங்குத்தாக எவ்வளவு விறைப்பாகத் தாங்குகிறதோ அதில் பாதி அளவுக்குப் பக்கவாட்டில் வெளியே தள்ளும். சுழல்தட்டு பத்து கிலோ. ஒரு கிலோ கூட்டினால் ஒரு மில்லிமீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நடுமையத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினால் அரைக்கிலோ விசை அதை மேலும் விலக்கப் பார்க்கும். புஷ்ஷில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால்கூட ஐம்பது கிராம் எடைக்குச் சமமான தள்ளல். இதற்கு மேல் பெல்ட் வேறு மோட்டார் பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே பென்சிலின் வேலையை இங்கே அச்சும் புஷ்ஷும் செய்கின்றன. பந்துக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, அது தேயாது. புஷ்தான் ஒரு பக்கமாகத் தேயும். தேயத் தேய அச்சு நடுவைவிட்டு விலகும். விலகவிலகக் காந்தம் இன்னும் தள்ளும். தேய்மானம் தேய்மானத்தை வளர்க்கிறது. ‘காந்தம் தாங்குவதால் பராமரிப்பே வேண்டாம்’ என்று விளம்பரங்களில் வரும் வாசகத்தை நான் நம்புவதில்லை. கவனம் வேண்டிய இடம் பந்திலிருந்து புஷ்ஷுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சோதிப்பது எளிது. பெல்ட்டைக் கழற்றுங்கள். சுழல்தட்டின் விளிம்பை எதிரெதிராக இரு கைகளாலும் பிடித்து, மோட்டார் பக்கமாகவும் அதற்கு நேர் எதிராகவும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். மேலும் கீழும் அசைவது இயல்பு. பக்கவாட்டில் ‘டிக்’ என்று கையில் தட்டுப்படுகிற ஆட்டம் இருந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. இன்னொரு சோதனை, கையால் சுற்றிவிட்டு எவ்வளவு நேரம் ஓடி நிற்கிறது என்று பார்ப்பது. அந்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்தவர் இயந்திரத்தோடு ஒப்பிட வேண்டாம். எண்ணெயின் தடிப்பைப் பொறுத்து அது மாறும். போன வருடத்து உங்கள் கணக்கோடு ஒப்பிட்டு, பெரிதாகக் குறைந்திருந்தால் அச்சைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

கழற்றுவதும் எண்ணெய் இடுவதும்

சுழல்தட்டைத் தூக்கும்போது நேராக மேலே தூக்க வேண்டும். சாய்த்தால் அச்சு புஷ்ஷின் வாயைக் கீறும். இறக்கும்போது இன்னும் கவனம்: அச்சு குழாயில் புகுந்தபின் உள்ளே அடைபட்ட காற்றும் எண்ணெயும் மெதுவாக வழிவிடும், அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். விரல்களைக் காந்த வளையங்களுக்கு நடுவே வைக்கவே கூடாது. இதய பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிடுவது நல்லது. ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர் எல்லாம் எட்ட இருக்கட்டும். பழைய காந்தங்கள் பெரும்பாலும் ஃபெரைட். கறுப்பாக, ஓடு மாதிரி இருக்கும். ஓட்டைப் போலவே அடிபட்டால் சில்லு தெறிக்கும். ஒரு பக்கம் சில்லு போன வளையத்தில் காந்தப்புலம் சீராக இருக்காது. சீரான வளையத்தின் மேல் அலுமினியச் சுழல்தட்டு ஓடும்போது எதுவும் ஆகாது. சீரற்ற புலத்தில் ஓடினால் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் எழும்பி, ஒரு மெல்லிய பிடிப்பு உண்டாகும். இரண்டு வளையங்களுமே சீரற்றிருந்தால் பிடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் கூடிக் குறையும். நீண்ட இழுப்பாக ஒலிக்கும் வீணையிலோ நாகஸ்வரத்திலோ அது சுருதி அலைச்சலாகக் காதில் விழும்.

காந்த வளையங்களைப் பிரித்ததும் அவற்றின் முகத்தில் மயிர் மயிராகக் கறுப்புத் தூள் நிற்பதைப் பார்ப்பீர்கள். இரும்புத் துகள். சேலத்தில் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கவே வேண்டாம். கஞ்சமலையே மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாது நிறைந்த மலை. மண்ணில் காந்தத்தை இழுத்தாலே கறுப்பு மணல் ஒட்டும் ஊர் இது. பட்டறை இருக்கும் தெருவானால் கேட்கவே வேண்டாம். துணியால் துடைத்தால் துகள் ஓர் ஓரத்திலிருந்து இன்னோர் ஓரத்துக்கு நகருமே தவிர போகாது. பிள்ளைகள் விளையாடும் களிமண் கட்டி ஒன்றை எடுத்து, காந்தத்தின் மேல் அழுத்தி எடுங்கள். தூள் களிமண்ணோடு வந்துவிடும். மூலைகளுக்கு ஒட்டும் டேப்பைப் பசைப் பக்கம் வெளியே இருக்கும்படி ஈர்க்குச்சியில் சுற்றிக்கொள்ளலாம். இந்தத் துகளில் ஒன்று எண்ணெயோடு புஷ்ஷுக்குள் போனால் அரம் மாதிரி வேலை செய்யும் என்பதால், முதலில் காந்தத்தைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் அச்சைத் தொட வேண்டும்.

பழைய எண்ணெயைப் பஞ்சில்லாத துணியால் ஒற்றி எடுங்கள். அது சாம்பல் நிறமாகவோ, பொன் துகள் மின்னும்படியோ இருந்தால் வெண்கலம் கரைந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். புஷ் துளைகள் நிறைந்த சின்டர் வெண்கலமாக இருந்தால் பெட்ரோல், தின்னர் போன்றவற்றைக் குழாய்க்குள் ஊற்றிக் கழுவாதீர்கள். அந்த வெண்கலம் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுவதற்காகவே செய்யப்பட்டது. கழுவினால் அந்தச் சேமிப்பு காலியாகிவிடும்.

புது எண்ணெய் தயாரிப்பாளர் சொன்ன தடிப்பில் இருக்க வேண்டும். சில துளிகள் போதும். வழிய வழிய ஊற்றினால் பெல்ட்டில் ஏறும். துரு நீக்கும் ஸ்பிரே எண்ணெயை அச்சில் அடிப்பது கூடாது. அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஏறத்தாழ 24 டிகிரியில் உறையத் தொடங்கும். மார்கழியில் ஏற்காட்டில் குளியலறைப் பாட்டிலுக்குள் என்ன ஆகிறதோ அதுவேதான் புஷ்ஷுக்குள்ளும் ஆகும்.

புஷ் தேய்ந்திருந்தால் லேத் பட்டறை. சேலத்தில் நல்ல கடைசல்காரர்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் அன்றாடம் கடைவது பம்புக்கும் தறிக்கும். அங்கே ஒரு ‘தவு’, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இடைவெளி பொருட்டில்லை. இங்கே அச்சுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில்தான் இடைவெளி வேண்டும். “அண்ணா, கையால் விட்டால் தன் எடையில் மெதுவாக இறங்க வேண்டும், ஆனால் ஆடக்கூடாது” என்று அச்சையே கையில் கொடுத்துச் சொல்வது, வரைபடம் கொடுப்பதைவிடப் பலன் தரும். அச்சை மட்டும் யாரையும் உப்புத்தாள் போட விடாதீர்கள்.

பெல்ட், மோட்டார், நம் ஊர் மின்சாரம்

பெல்ட் இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைப்பது காந்த பேரிங் உள்ள டர்ன்டேபிளில் நேரெதிரான பலன் தரும். காரணம் மேலே சொன்ன பக்கத் தள்ளல்தான். வழுக்காமல் இழுக்கும் அளவுக்கு மேல் ஒரு துளி இறுக்கமும் வேண்டாம். சில தயாரிப்பாளர்கள் ரப்பருக்குப் பதில் நூலால் ஓட்டுவதும், மோட்டாருக்கு நேர் எதிரில் இன்னொரு மோட்டாரையோ கப்பியையோ வைத்து இழுப்பைச் சமன் செய்வதும் இதனால்தான். சேலத்துக் கோடையில் ரப்பர் பெல்ட் இளகி நீளும். நீண்ட நாள் வெளியூர் போவதானால் கழற்றி உறையில் போட்டுவிட்டுப் போகலாம்.

வேகத்துக்கு வருவோம். பழைய டர்ன்டேபிள்களில் பலவற்றில் இருப்பது சிங்க்ரனஸ் மோட்டார். அது வோல்டேஜைப் பார்த்து ஓடுவதில்லை. மின்சாரத்தின் அலைவெண்ணைப் பார்த்து ஓடும். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. அங்கிருந்து வந்த டர்ன்டேபிளை இங்கே 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டினால், மோட்டார் புகையாது என்பது மட்டுமே லாபம். 33⅓ சுற்றுக்குப் பதில் நிமிடத்துக்கு 27.8 சுற்றுதான் ஓடும். பெண் குரல் ஆண் குரலை நோக்கிச் சரியும். டிரான்ஸ்ஃபார்மர் அலைவெண்ணை மாற்றாது. ஒன்று, 60 ஹெர்ட்ஸ் உண்டாக்கித் தரும் மின்னணு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்க வேண்டும். அல்லது மோட்டாரின் கப்பியை 1.2 மடங்கு பெரிதாகக் கடைந்துகொள்ள வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: பெல்ட்டின் தடிப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 12 மில்லிமீட்டர் கப்பி, 1 மில்லிமீட்டர் பெல்ட் என்றால், 13ஐ 1.2ஆல் பெருக்கி வரும் 15.6இலிருந்து 1ஐக் கழித்து 14.6 என்று சொல்ல வேண்டும். வெறும் 12ஐ 1.2ஆல் பெருக்கி 14.4 என்று சொன்னால் வேகம் நூற்றுக்கு 1.3 பங்கு குறைந்துவிடும். பாடத் தெரிந்தவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேகத்தைச் சரிபார்க்க, வட்டமாகக் கோடுகள் அச்சிட்ட ஸ்ட்ரோப் தட்டு போதும். நம் 50 ஹெர்ட்ஸுக்கு, 33⅓ வேகத்துக்கான வட்டத்தில் 180 கோடுகள் இருக்க வேண்டும். 216 கோடுகள் இருந்தால் அது 60 ஹெர்ட்ஸ் ஊருக்கானது. சோக்கு போட்ட பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. இப்போதைய எல்இடி விளக்குகள் பலவற்றில் கோடே தெரியாது. பழைய டியூப்லைட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

கரண்டு போனால் இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் அது சைன்வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர்வேவ் இன்வெர்ட்டரில் இந்த மோட்டார் சூடேறும், உறுமும். மோட்டார் கிளம்பத் தடுமாறினாலோ தவறான பக்கம் சுற்றத் தொடங்கினாலோ முதலில் சந்தேகிக்க வேண்டியது அதன் கெப்பாசிட்டரை. அதே மதிப்பு, அதே அல்லது கூடுதலான வோல்டேஜ் தாங்கும் ஃபிலிம் வகையில் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

தறிச் சத்தமும் மரத்தரையும்

கால்களில் காந்தம் உள்ள வகைக்கு இப்போது வருவோம். சஸ்பென்ஷன் என்றாலே அது ஒரு ஸ்பிரிங். எஃகுச் சுருளாக இருந்தாலும் காந்தமாக இருந்தாலும், ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் தானே ஆடப் பிடிக்கும் ஒரு வேகம் உண்டு. எடையை வைத்ததும் சுருள் 1 சென்டிமீட்டர் அமுங்கினால் அது நொடிக்கு 5 முறை ஆடும். 4 சென்டிமீட்டர் அமுங்கினால் 2.5 முறை. அந்த இயல்பு வேகத்தைப் போல ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட அதிர்வுகளைத்தான் சஸ்பென்ஷன் வடிகட்டும். அதற்குக் கீழானவற்றை அப்படியே விட்டுவிடும். இயல்பு வேகத்துக்கு அருகில் வருவனவற்றையோ பெரிதாக்கியே தரும்.

இதில்தான் சேலத்து வீடுகளின் பாடு இருக்கிறது. அம்மாபேட்டையிலோ இளம்பிள்ளையிலோ பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடினால், தறியின் நாடா நிமிடத்துக்கு 120 முறை பாய்கிறது என்று வைத்தால் அது நொடிக்கு 2 அடி. 2.5 ஹெர்ட்ஸில் ஆடும் மென்மையான சஸ்பென்ஷனை அங்கே கொண்டுபோய் வைத்தால், தறியின் ஒவ்வொரு தட்டுக்கும் டர்ன்டேபிள் தலையாட்டும். அந்த வீட்டுக்கு, சுவரில் திருகிய கனமான கடப்பைக் கல் அலமாரியும் விறைப்பான கால்களும் மேல்; சுவர் தறி இருக்கும் பக்கத்துச் சுவராக இல்லாமல் இருந்தால் சரி. அஸ்தம்பட்டியில் தரைத்தளத்து காங்கிரீட் வீடு என்றால் காந்தக் கால்களால் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியாது என்பது என் கணிப்பு. ஏற்காட்டில் மரத்தரை போட்ட பழைய பங்களாவில்தான் அவற்றின் அருமை தெரியும். அங்கே யாராவது காபித் தட்டோடு நடந்துவந்தால் பலகை துள்ளும், ஊசியும் துள்ளும்.

எவ்வளவு வேகத்தில் ஆடுகிறது என்று கண்ணால் எண்ண முடியாது. கைப்பேசியில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து எண்ணுங்கள். ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மும், அதன் நுனியில் ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஆடும் வேகம் 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் இருப்பது நல்லது என்பார்கள். வளைந்த ரெக்கார்டு ஊசியை ஏற்றி இறக்குவது நொடிக்கு அரைத் தடவையில் தொடங்கி சில ஹெர்ட்ஸ் வரை. சஸ்பென்ஷனின் ஆட்டம் டோன்ஆர்மின் ஆட்டத்தோடு மோதாமல் கீழே ஒதுங்கியிருக்க வேண்டும்.

காந்தக் காலிலும் பக்கவாட்டுக்கு ஒரு வழிகாட்டித் தண்டோ உறையோ உண்டு. ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் மட்டம் பார்க்காவிட்டால் தண்டு உறையில் உரசும். உரசினால் மிதப்பது பெயரளவுக்குத்தான். அதிர்வு அந்த உரசல் வழியாக ஏறிவிடும். கொத்தனாரின் நீள ரசமட்டம் வேண்டாம், வட்டமான சிறியது கிடைக்கும். காந்தத்தால் இழுபடாத, பிளாஸ்டிக் உடம்புள்ளதாகப் பாருங்கள்.

மேம்படுத்துவது

இந்த வகை இயந்திரத்தில் எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது எடைக் கணக்கில்தான் முடியும். மேலே சொன்ன பத்து கிலோ சுழல்தட்டையே எடுத்துக்கொள்வோம். 180 கிராம் ரெக்கார்டு வைத்தால் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இறங்கும், கவலையில்லை. ரெக்கார்டை அழுத்திப் பிடிக்கும் அரைக்கிலோ கிளாம்ப் வைத்தால் அரை மில்லிமீட்டர். நடுவில் கிளாம்ப், விளிம்பில் எஃகு வளையம் என்று இரண்டு கிலோ ஏற்றினால் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். ஆனால் டோன்ஆர்ம் பொருத்தியிருப்பது அடித்தளத்தில், அது இறங்காது. 9 அங்குல டோன்ஆர்மில் 4 மில்லிமீட்டர் உயர வித்தியாசம் ஊசியின் கோணத்தை ஒரு டிகிரி மாற்றும். ஆகவே இரண்டு கிலோ ஏற்றினால் அரை டிகிரி. எதை வைத்துக் கேட்கப்போகிறீர்களோ அதை வைத்தே டோன்ஆர்மின் உயரத்தை அமைக்க வேண்டும். அதன்பின் மாற்றி மாற்றி வைக்காதீர்கள். ரப்பர் பாயை எடுத்துவிட்டுக் கார்க் பாய் போடுவதும் இதே கணக்குத்தான்.

சுழல்தட்டு முன்பிருந்ததைவிடத் தாழ்வாக நிற்பதாகத் தோன்றினால் ‘காந்தம் செத்துவிட்டது’ என்று முடிவுகட்டாதீர்கள். முந்தைய சொந்தக்காரர் கனமான பாய் போட்டாரா, காந்தத்தின் பசை விட்டு வளையம் நகர்ந்ததா, விரிசல் உண்டா என்று பாருங்கள். ஃபெரைட் வயதால் கண்டபடி தளர்ந்துவிடாது. அதை எடுத்துவிட்டு நியோடிமியம் போட்டால் இன்னும் நன்றாக மிதக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. மிதக்கும்தான், உயரம் மாறும், பக்கத் தள்ளல் மாறும், கார்ட்ரிட்ஜ் வரை புலம் கசியும். அலுமினியச் சுழல்தட்டு காந்தப்புலத்தைத் தடுக்காது என்பதை நினைவில் வையுங்கள். இதை மட்டும் செய்யாதீர்கள் என்பேன்.

கார்ட்ரிட்ஜ் மாற்றும்போது புலக் கசிவைச் சோதித்துவிடுங்கள். எல்பியில் பாட்டு முடியும் வரி நடுமையத்திலிருந்து ஏறத்தாழ 6 சென்டிமீட்டரில் இருக்கிறது. தொடங்கும் வரி 14.6இல். ஊசியின் அழுத்தத்தை இரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள். உள்ளே வரும்போது கூடினால் சுழல்தட்டுக்கு அடியில் உள்ள காந்தம் கார்ட்ரிட்ஜை இழுக்கிறது. அளப்பதற்கு 0.01 கிராம் தராசு செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஆனால் அதன் தட்டு எஃகாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தமே தட்டைப் பிடித்து இழுத்துப் பொய்க் கணக்கு காட்டும். தட்டின்மேல் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மரக்கட்டையோ பிளாஸ்டிக் துண்டோ வைத்துப் பூஜ்யமாக்கி, அதன்மேல் ஊசியை இறக்குங்கள். ரெக்கார்டு இருக்கும் அதே உயரத்தில் அளப்பது இன்னும் முக்கியம்.

திருகு, வாஷர் மாற்றுவதானால் சாதாரண இரும்புத் திருகு வேண்டாம். ஸ்டெயின்லெஸ் என்றாலே காந்தம் பிடிக்காது என்று சேலத்துக்காரர்களே நினைப்பதுண்டு; கஞ்சமலை அடிவாரத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலை இருந்தும் என்ன பயன்! 430 ரகம் காந்தத்தில் நன்றாக ஒட்டும். 304 ரகம் ஒட்டாது. ஆனால் வளைத்துத் திருகாக்கிய இடத்தில் லேசாக ஒட்டக்கூடும். பித்தளைத் திருகு என்றால் இந்தச் சந்தேகமே வராது.

காசு செலவழிக்கும் வரிசையை என்னைக் கேட்டால்: முதலில் புஷ், எண்ணெய், பெல்ட். அடுத்து ஊசி. அதன்பின் மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாடு. டோன்ஆர்ம் அதற்கும் பிறகு. அதிலும் புது டோன்ஆர்மின் எடையும் கார்ட்ரிட்ஜின் இளக்கமும் (ஊசி எவ்வளவு எளிதாக வளைந்துகொடுக்கிறது என்பது, ஆங்கிலத்தில் compliance) பொருந்த வேண்டும். கணக்கு சிறியதுதான்: டோன்ஆர்மின் செயல்நிறை (effective mass), கார்ட்ரிட்ஜ், திருகு எல்லாம் சேர்த்துக் கிராமில் எடுத்து, கார்ட்ரிட்ஜின் இளக்க எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, 159ஐ அதனால் வகுக்க வேண்டும். 20 கிராமும் 13உம் என்றால் விடை 10 ஹெர்ட்ஸை ஒட்டி வரும்; நல்ல ஜோடி. மின்கம்பி, தங்கமுலாம் பூசிய பிளக் எல்லாம் கடைசி வரிசை. சில வீடுகளில் அந்த வரிசைக்கு முறை வரவே தேவையில்லை.

மலையேற்றுவதானால் ஒரு வார்த்தை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சுழல்தட்டு மிதந்தபடியே இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் அதன் எடை முழுவதும் புஷ்ஷின் ஒரு பக்கத்தில் மோதும். சுழல்தட்டைத் தனியே எடுத்து, காந்த முகத்துக்கு மேல் தடித்த மரப்பலகை கட்டி, காரின் தரையில் படுக்கையாக வையுங்கள். ஊசிக்கு மூடி, டோன்ஆர்முக்குக் கட்டு, எதிரெடையைத் தனியே கழற்றி வைப்பது. மேலே போனதும் உடனே ஓட்டாதீர்கள்; கீழே 38 டிகிரியில் கிளம்பிய உலோகம் மலைக் குளிருக்குத் தணிய நேரம் வேண்டும். ஒரு ராத்திரி மூடிவைத்துவிட்டு, காலையில் அச்சைத் துடைத்து, இரண்டு துளி எண்ணெய் விட்டு, மட்டம் பார்த்து ஓட்டலாம். பனிமூட்ட மாதங்களில் ரெக்கார்டு உறைகளில் பூஞ்சை பிடிக்கும். சிலிகா ஜெல் பொட்டலங்களை அலமாரியில் போட்டு, அவ்வப்போது வெயிலில் காயவைத்துத் திரும்ப வையுங்கள்.